காதுக்குள் இருக்கும் ரசமட்டம்

பக்கத்தில் நாளிதழ் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகளின் பாடப் புத்தகம் போதும். முதலில் தலையை அசைக்காமல், தாளை மட்டும் இடமும் வலமுமாக விரைவாக ஆட்டிக்கொண்டே படித்துப் பாருங்கள். எழுத்துகள் கலங்கிப்போகும். இப்போது தாளை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை, 'இல்லை, இல்லை' என்று மறுப்பதுபோல் ஆட்டிக்கொண்டே படியுங்கள். எழுத்துகள் தெளிவாகவே தெரியும்.

இரண்டு முறையும் ஆட்டம் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? தலை வலப்பக்கம் திரும்பும்போது கண்கள் அதே அளவு இடப்பக்கம் திரும்பி ஈடுசெய்துவிடுகின்றன. ஒரு வினாடியை நூறு பங்காக்கினால், ஏறத்தாழ அதில் ஒரு பங்கு நேரத்திற்குள் இது நடந்து முடிகிறது. யோசித்துச் செய்வதற்கு அவகாசமே இல்லை. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்ற செய்தியை உடனுக்குடன் அனுப்பும் உறுப்பு நம் இரண்டு காதுகளுக்குள்ளும் இருக்கிறது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது ரசமட்டத்தை வைத்துச் சரிபார்க்கிறார் அல்லவா? அப்படி ஒரு ரசமட்டத்தைப் பிறக்கும்போதே காதுக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். அது பழுதானால் மனிதன் என்ன பாடு படுகிறான், பழுதானதன் வேலையை மின்சாரத்தைக் கொண்டு செய்விக்க முடியுமா என்பதைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஐம்புலன் என்று கற்பிக்கிறோம். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று பிள்ளைகள் விரல் மடித்துச் சொல்வார்கள். ஆறாவது அறிவு மனம் என்று தொல்காப்பியர் சொன்னார். இந்தச் சமநிலை உணர்வோ எந்தக் கணக்கிலும் சேராமல் விடுபட்டுவிட்டது. அது ஒழுங்காக வேலை செய்யும் வரையில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால்தான் விடுபட்டது போலும்.

வெளியில் தெரியும் காது வெறும் மடல்தான். அதற்கு உள்ளே, கடினமான எலும்புக்கு நடுவில் உட்செவி இருக்கிறது. நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் பகுதி, ஓசையைக் கேட்பதற்கு. அதோடு ஒட்டியபடியே, அரைவட்டக் குழல்கள் என்று சொல்லப்படும் மூன்று சிறு வளையங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. ஒரு பெட்டியின் மூலையில் மூன்று பக்கங்கள் சந்திப்பதுபோல், மூன்று வளையங்களும் மூன்று திசைகளில் அமைந்திருக்கின்றன. ஆமென்று தலையசைத்தாலும், மறுத்துத் தலையாட்டினாலும், தோளை நோக்கித் தலையைச் சாய்த்தாலும் அவற்றுள் ஏதேனும் சில அதை உணர்ந்துவிடும்.

எப்படி உணர்கின்றன? ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அதன்மேல் ஓர் இலையை மிதக்கவிடுங்கள். வாளியைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்புங்கள். வாளி திரும்பும், இலையோ நின்ற இடத்திலேயே நிற்கும். தண்ணீர் உடனே திரும்புவதில்லை, பின்தங்குகிறது. காதுக்குள் இருக்கும் வளையங்களிலும் நீர் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது அந்த நீர் பின்தங்கி, குறுக்கே இருக்கும் வழவழப்பான ஒரு திரையைத் தள்ளுகிறது. திரைக்குள் புதைந்திருக்கும் மயிரிழை போன்ற நுண்ணிய அணுக்கள் வளைகின்றன. அந்த வளைவு நரம்பில் மின் துடிப்பாக மாறி மூளைக்குச் செல்கிறது. இவை தவிர இரண்டு சிறு பைகளும் உண்டு. அவற்றில் சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்த மிக நுண்ணிய கற்கள் இருக்கின்றன. மேல் எது, கீழ் எது, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அந்தக் கற்களின் பாரம் சொல்லிவிடும்.

இனிச் சொல்லப்போவதுதான் மிக முக்கியம். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. தலை அசையாமல் இருக்கும்போது இந்த நரம்புகள் சும்மா இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். குரங்குகளின் நரம்பை அளந்து பார்த்தபோது, சும்மா இருக்கும் நேரத்திலேயே வினாடிக்கு ஏறத்தாழ 90 முறை அது துடித்துக்கொண்டிருந்தது. திருவிழாவில் சாமியின் இரு புறமும் இரண்டு தப்புக்காரர்கள் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சமமாகக் கேட்டால், தலை அசையவில்லை என்று மூளை முடிவு செய்கிறது. வலப்பக்கம் திரும்பினால் வலது தப்பு வேகம் பிடிக்கும், இடது தப்பு தளரும். இந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் திசையையும் வேகத்தையும் மூளை கணக்கிடுகிறது.

இப்போது நோயினால் இடப்பக்கத்துத் தப்பு திடீரென்று நின்றுபோனால்? தலை அசையவே இல்லை. ஆனாலும் வலது தப்பின் ஓசை மட்டும் கேட்பதால், தலை வலப்பக்கம் வேகமாகச் சுற்றுகிறது என்று மூளை நம்பிவிடும். படுத்திருப்பவருக்கு வீடே சுற்றும், வாந்தி வரும், கண்கள் தாமாக ஒரு பக்கம் இழுத்து இழுத்து அசையும். பித்தம் தலைக்கேறிவிட்டது என்று நாம் எலுமிச்சம்பழம் தேடுவோம். இஞ்சிச் சாற்றினால் குமட்டல் சற்றுத் தணியலாம். நின்றுபோன தப்பு மீண்டும் அடிக்காது. ஆனால் மூளை மிகக் கெட்டிக்காரத்தனமானது. சில நாள்களில், சில வாரங்களில், ஒரு பக்கத்துத் தப்பை மட்டும் வைத்தே கணக்குப் போடப் பழகிக்கொள்ளும்.

இரண்டு பக்கமும் நின்றுபோனால் நிலைமை வேறு. இங்கே சுற்றலே இராது. இரண்டும் சமமாக மௌனமாகிவிட்டன அல்லவா? ஆனால் நடக்கும்போது உலகமே குலுங்கும். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு டாக்டர், தம் முழுப் பெயரை வெளியிடாமல், தமக்கு நேர்ந்ததை எழுதியிருந்தார். காசநோய்க் கிருமித் தொற்றுக்காக அவருக்கு ஸ்டிரெப்டோமைசின் ஊசி போடப்பட்டது. நோய் கட்டுப்பட்டது, சமநிலை உறுப்புகள் இரண்டும் செயலிழந்தன. படுக்கையில் சாய்ந்து புத்தகம் படிக்கக்கூட அவரால் இயலவில்லை. நாடித் துடிப்பினால் தலை அசையும் அந்த அற்ப அசைவே எழுத்துகளைக் குதிக்க வைத்தது. கட்டிலின் தலைமாட்டிலிருந்த இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு இடையே தலையை இறுக்கி வைத்துக்கொண்டுதான் படித்தாராம். வீதியில் நடந்துகொண்டே ஒரு பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது. நின்றுதான் படிக்க வேண்டும். தொடக்கத்தில் தாளை ஆட்டிப் பார்த்தீர்களே, அந்தக் கலக்கம் அவருக்கு ஒவ்வோர் அடியிலும் இருந்தது.

ஸ்டிரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோயை எதிர்த்து வென்ற முதல் மருந்து அது. நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய காலத்தில், அந்த ஊசி முக்கியமான மருந்துகளில் ஒன்று. தோட்டங்களில் எத்தனையோ உயிர்களை அது மீட்டுக் கொடுத்தது. ஆகையால் அதைக் குறைகூறுவது நன்றிகெட்ட செயலாகும். ஆனாலும் அந்த ஊசியும், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின் போன்றவையும் சிலருக்குக் காதின் நுண்ணணுக்களை அழித்துவிடுகின்றன என்பது உண்மை. அழிந்த அணுக்கள் திரும்ப முளைத்து, போன உணர்வை மீட்டுத் தருவதில்லை. இன்று காசநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மாத்திரைகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. எனவே இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

இப்படிப்பட்டவர் பகலில் ஓரளவு நன்றாகவே நடப்பார். கண் உதவிக்கு இருக்கிறது, காலடியில் தரை தட்டுப்படுகிறது. இருட்டில்தான் தடுமாறுவார். விடியுமுன்னே பால்வெட்டுக்குப் போகும் வழியில், ஈரப் புல்லில், மேடு பள்ளத்தில் கால் பின்னும். பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்? நான் முன்பு பணியாற்றிய ஒரு தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். இளமையில் நீண்ட நாள் காசநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டவர். இரவில் லயத்துச் சுவரைத் தடவிக்கொண்டேதான் வீட்டுக்குப் போவார். கள்ளைத் தொட்டறியாத மனிதர்; அவருக்கு அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயரோ கள்ளுக்கடையோடு சேர்ந்தது. அவருடைய தள்ளாட்டத்திற்கு ஊசிதான் காரணமா என்று இன்று யாரும் சோதித்துச் சொல்ல முடியாது. ஆனால் காது கேளாதவரைச் செவிடர் என்றாவது புரிந்துகொள்கிறோம். கண் தெரியாதவருக்கு வழிவிடுகிறோம். சமநிலையை இழந்தவருக்குக் குடிகாரர் என்ற பெயர்தான் மிஞ்சுகிறது.

பிரான்ஸ் நாட்டிலும் இதே அறியாமை இருந்தது. தலைசுற்றல் மூளையில் இரத்தம் தேங்குவதால் வருகிறது என்று எண்ணி, நோயாளிகளின் உடலிலிருந்து இரத்தத்தை வடித்தார்கள். பாரிஸ் நகரில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு மருத்துவராக இருந்த மெனியேர், 1861-ஆம் ஆண்டில்தான், இது மூளை நோயன்று, காதின் நோய் என்று எடுத்துரைத்தார். அதற்கு முன்பே, 1820-களில், ஃப்ளூரான்ஸ் என்ற அறிஞர் புறாக்களின் அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்திருந்தார். அந்தப் புறாக்களுக்குக் காது கேட்டது. நேராக நிற்கத்தான் முடியவில்லை.

இனி மின்சாரத்திற்கு வருவோம்.

மின்கலத்தைக் கண்டுபிடித்த இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டாவின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வோல்ட் என்ற அளவே அவர் பெயரால் வந்தது. வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டை என்று 30, 40 அடுக்குகளை வைத்து அவர் அந்த மின்கலத்தைச் செய்தார். அதை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியம்தான் வியப்பானது. இரண்டு உலோகக் கம்பிகளைத் தம் இரு காதுகளுக்குள்ளும் நுழைத்து, மின்கலத்தோடு இணைத்துவிட்டார்! தலைக்குள் ஓர் அதிர்ச்சி. அதைத் தொடர்ந்து, கெட்டியான கஞ்சி அடுப்பில் கொதிப்பது போன்ற ஓர் ஓசை. 1800-ஆம் ஆண்டில் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டு, மறுபடியும் அதைச் செய்யத் துணியவில்லை என்றும் தெரிவித்தார். நேயர்களே, வோல்ட்டாவே அஞ்சிய வேலையை வீட்டில் எந்தப் பிள்ளையும் டார்ச்லைட் பேட்டரியை வைத்து முயல வேண்டாம். நேர் மின்னோட்டம் தோலையும் தசையையும் புண்ணாக்கும்.

சில ஆண்டுகள் கழித்து, 1820-ஆம் ஆண்டளவில், பிராகா நகரத்து அறிஞர் புர்க்கின்யே, தலை வழியே மின்சாரம் பாய்ந்தால் தலைசுற்றல் உண்டாகிறது என்று கண்டார். இன்று ஆய்வுக்கூடங்களில் இதைத் தீங்கில்லாத அளவில் செய்கிறார்கள். இரு காதுகளுக்கும் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டின்மேல், தோலில் ஈரப் பட்டைகளை ஒட்டி, ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர் அளவு மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். ஒரு டார்ச்லைட் பல்பு எரிவதற்குக்கூட அது போதாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, கால்களைச் சேர்த்து நிற்பவரைச் சாய்த்துவிடும். எதிர்முனை இருக்கும் பக்கத்து நரம்பு வேகமாகத் துடிக்கும். நேர்முனைப் பக்கத்து நரம்பு தளரும். உடல் எதிர்முனைப் பக்கமாகச் சாய்கிறது என்று மூளை ஏமாந்து, அதைத் திருத்துவதற்காக நேர்முனைப் பக்கம் உடலைச் சாய்த்துவிடுகிறது.

ஜப்பானில் 2005-ஆம் ஆண்டில் என்.டி.டி. நிறுவனத்து ஆய்வாளர்கள் இதை வைத்து ஒரு வேடிக்கையே காட்டினார்கள். நடந்து செல்பவரின் தலையில் அந்தக் கருவி. இன்னொருவர் கையில் விளையாட்டுக் காரை ஓட்டுவது போன்ற ஒரு விசை. விசையை வலப்பக்கம் திருப்பினால் நடப்பவர் தம்மை அறியாமலே வலப்பக்கம் விலகிச் செல்வார். பார்ப்பதற்கு வேடிக்கைதான். எனக்கு என்னவோ அதில் கொஞ்சம் அச்சமும் உண்டு. ஒரு மனிதனின் நடையை இன்னொருவன் கையில் கொடுப்பது அல்லவா அது?

இந்த முறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. தோலின் மேலிருந்து பாயும் மின்சாரம் மூன்று குழல்களையும் இரண்டு பைகளையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்புகிறது. காலையில் பெரட்டு மணி அடித்தால் தோட்டம் முழுவதும் விழித்துக்கொள்ளும். மூன்றாவது லயத்தில் ஐந்தாவது வீட்டுக்காரரை மட்டும் எழுப்ப வேண்டுமென்றால் மணி உதவாது; அந்த வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். தலை எந்தத் திசையில் திரும்பியது என்று மூளைக்குச் சொல்ல வேண்டுமானால், அந்தத் திசைக்குரிய குழலின் நரம்பை மட்டும் தட்ட வேண்டும். அதற்குக் காதுக்கு உள்ளேயே போயாக வேண்டும்.

உள்ளே போக முடியும் என்பதைக் காட்டியது கேட்கும் கருவிதான். 1957-இல் பாரிஸ் நகரில் ஜூர்னோ, ஏரியேஸ் என்ற இருவர், காது கேளாத ஒருவரின் கேள்வி நரம்பை மின்சாரத்தால் தூண்டினார்கள். 1978-இல் மெல்பர்ன் நகரில் கிரேம் கிளார்க், பல மின்முனைகள் கொண்ட கருவியை ஒரு நோயாளியின் உட்செவியில் பொருத்தினார். நம் நாட்டிலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1995-இல் இந்தச் சிகிச்சை தொடங்கியது. கேட்கும் பாதி வழிக்கு வந்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் சமநிலைப் பாதி ஏன் இத்தனை காலம் காத்திருந்தது?

அறிவு இல்லாமல் அன்று. 1960-களிலேயே கோஹன், சுசுகி என்ற ஆய்வாளர்கள் ஒரு விலங்கின் ஒரே ஒரு குழலின் நரம்பைத் தூண்டி, அந்தக் குழலுக்குரிய திசையிலேயே கண்கள் திரும்புவதைக் காட்டிவிட்டார்கள். ஆனால் தலையின் அசைவை அளந்து சொல்ல, தலையிலேயே சுமக்கக்கூடிய சிறிய கருவி வேண்டுமே! கப்பலிலும் விமானத்திலும் இருந்த சுழற்சிமானிகள் பெரியவை. அவை நகக்கண் அளவுக்குச் சுருங்கிய பிறகுதான் இந்த முயற்சி கைகூடியது. இன்று உங்கள் கைத்தொலைபேசியைக் குறுக்காகத் திருப்பியதும் படமும் திரும்புகிறதே, அதற்குள்ளும் அசைவை அளக்கும் இத்தகைய நுண்கருவிகள்தாம் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோங், மெர்ஃபெல்ட் என்ற இருவர் அப்படி ஒரு கருவியைச் செய்து கினிப் பன்றிகளுக்குப் பொருத்திப் பார்த்தனர்.

கருவி வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். காதுக்குப் பின்னால், தலையின் மேல் ஒரு சிறு பெட்டி. அதற்குள் மூன்று திசைகளுக்கு மூன்று சுழற்சிமானிகள். தோலுக்கு அடியில் இன்னொரு பகுதி. அதிலிருந்து மெல்லிய கம்பிகள் மூன்று குழல்களின் அருகே செல்கின்றன. வெளிப்பெட்டியைக் காந்தம் தலையோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். தலை அசையாதபோதும் கருவி ஒரே வேகத்தில் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். நின்றுபோன தப்பை மறுபடி அடிக்க வைப்பது என்றால் இதுதான். தலை ஒரு பக்கம் திரும்பினால் துடிப்பின் வேகம் கூடும். மறுபக்கம் திரும்பினால் குறையும். ஒவ்வொரு துடிப்பும் முன்னே ஒரு கணம், பின்னே ஒரு கணம் என்று இரு பக்கமும் பாய்ந்து சமன் செய்துகொள்ளும். ஒரே பக்கமாகப் பாய்ந்தால் உலோகம் அரித்து, நரம்பும் வெந்துவிடும்.

முதன்முதல் கருவியை முடுக்கும்போது என்ன நடக்கும் என்று நீங்களே இப்போது ஊகிக்கலாம். நெடுங்காலம் மௌனமாக இருந்த பக்கத்தில் திடீரென்று தப்பு ஒலிக்கிறது. தலை சுற்றுகிறது என்று மூளை நம்பி, கண்கள் இழுக்கத் தொடங்கும். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தவர்களும் சேர்ந்து 2007-இலிருந்து மனிதருக்கு இக்கருவியைப் பொருத்தி ஆராய்ந்து வருகிறார்கள். அவர்களுடைய நோயாளிகளில் அந்தக் கண் இழுப்பு அரை மணி நேரத்திற்குள் அடங்கிவிட்டது. நிறுத்தி மறுபடி முடுக்கும்போது இன்னும் விரைவாக அடங்கியது. புதிய ஓசையே இனி வழக்கமான ஓசை என்று மூளை ஏற்றுக்கொண்டுவிட்டது.

பால்ட்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், டாக்டர் சார்லஸ் டெலா சாண்டினாவின் குழு 2016-இல் மனிதருக்குப் பொருத்தத் தொடங்கியது. எட்டுப் பேரைப் பற்றிய முடிவுகள் 2021-ஆம் ஆண்டு வெளியாயின. எட்டுப் பேரும் இரு பக்கமும் சமநிலையை இழந்தவர்கள். பெரும்பாலோருக்கு அந்த இழப்பு வந்தது, நான் முன்னே சொன்ன ஊசிக் குடும்பத்து மருந்தினால். ஒரு காதில் மட்டும் கருவி பொருத்தப்பட்டது. அதை இரவும் பகலும், உறங்கும்போதுகூட, கழற்றாமல் அணிந்துகொள்ள வேண்டும். கழற்றினால் தப்பு நின்றுவிடுமே. ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் சோதித்தபோது நிற்பதிலும் நடப்பதிலும் முன்னேற்றம் தெரிந்தது. வாழ்க்கை மேம்பட்டது என்று அவர்களே சொன்னார்கள். பழைய நிலை முழுவதும் திரும்பவில்லை. திரும்பும் என்று அந்த டாக்டர்களும் சொல்லவில்லை.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. பணத்தைச் சொல்லவில்லை. கேட்கும் நத்தைச் சுருளும் சமநிலைக் குழல்களும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள். ஓர் அறையின் சுவரைத் துளைத்தால் அடுத்த அறையும் அதிரும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2010-இலிருந்து சில மெனியேர் நோயாளிகளுக்கு இத்தகைய கருவியைப் பொருத்தியபோது, கருவி நரம்பைத் தூண்டியது. ஆனால் அந்தக் காதின் கேள்வி கெட்டது. பால்ட்டிமோரிலும் எட்டுப் பேருக்கும் பொருத்திய காதில் கேள்வி குறைந்தது. சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு மிகுதி. எண்ணிப் பாருங்கள். நன்றாகக் கேட்கும் காது. ஆனால் நடக்கும்போது உலகம் குலுங்குகிறது. நேராக நடப்பதற்காக ஒரு காதின் கேள்வியைப் பணயம் வைப்பீர்களா? அந்த எட்டுப் பேர் வைத்தார்கள். சமநிலை இல்லாத வாழ்க்கை எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கருவியைக் கடையில் வாங்க முடியாது. ஆராய்ச்சிக்குள் சேர்ந்தவர்களுக்கே அது பொருத்தப்பட்டிருக்கிறது. தலைசுற்றலை ஒரே வாரத்தில் போக்கும் மின்சாரப் பட்டை என்று யாராவது வீட்டு வாசலில் கொண்டுவந்து விற்றால், அந்த வெள்ளியைப் பிள்ளைகளின் பாலுக்குச் செலவிடுங்கள்.

மேலும், தலைசுற்றல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கருவி தேவையே இல்லை. படுக்கையில் புரளும்போதும், செம்பனைக் குலையை அண்ணாந்து பார்க்கும்போதும் சில வினாடிகள் மட்டும் வீடு சுற்றுகிறதா? பைகளில் இருக்க வேண்டிய சுண்ணாம்புக் கற்கள் சில இடம் பெயர்ந்து குழலுக்குள் விழுந்திருக்கக்கூடும். எப்லி என்ற அமெரிக்க டாக்டர், தலையை முறையாக நான்கு நிலைகளில் திருப்பி அந்தக் கற்களை வெளியேற்றும் வழியை 1992-இல் விளக்கி எழுதினார். மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை. பயிற்சி பெற்றவர் சில நிமிடத்தில் செய்துவிடுவார். ஒரு பக்கம் செயலிழந்தவர்களுக்கு, 1940-களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்சி என்ற இருவர் வகுத்த தலை, கண் பயிற்சிகள் உண்டு. சுற்றலுக்கு அஞ்சிப் படுத்தே கிடந்தால் மூளை பழகுவது தாமதமாகும்.

டாக்டரிடம் போகும்போது 'மயக்கம்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நாம் கண் இருட்டி விழுவதையும் மயக்கம் என்கிறோம், வீடு சுற்றுவதையும் மயக்கம் என்கிறோம், பசிக் களைப்பையும் மயக்கம் என்கிறோம். சுற்றுகிறதா, தள்ளாடுகிறதா, எழுந்தால் வருகிறதா, படுத்தால் வருகிறதா, எத்தனை வினாடி அல்லது எத்தனை மணி நேரம், காதில் இரைச்சல் உண்டா, முன்பு நீண்ட நாள் ஊசி போட்டுக்கொண்டதுண்டா என்றெல்லாம் சொல்லுங்கள். ஊசி மருந்து நடந்துகொண்டிருக்கும்போதே தள்ளாட்டமோ காது இரைச்சலோ தொடங்கினால், அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சுற்றலோடு வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலும், அது காதின் வேலையன்று. மறுநாள் வரை பொறுக்காமல், கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இரு பக்கமும் சமநிலை போனவர் வீட்டில் இருந்தால், குளியலறைக்குப் போகும் வழியில் இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். ஏணியில் அவரை ஏற்ற வேண்டாம். ஆற்றிலோ குட்டையிலோ தனியாக இறங்கவிடாதீர்கள். தண்ணீருக்குள் மூழ்கினால் மேல் எது, கீழ் எது என்று அவருக்குத் தெரியாது. இருட்டில் நடக்கும்போது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டால் அவர் நேராகவே நடப்பார்.